சொல்லும் சுவரும்: பேரிடர்க் காலச் சாதிப் பேச்சும் அதற்கு எழுந்த எதிர்வினையும்

ஐந்தரை மாத இடைவெளியில் கோவை இரண்டு நிகழ்வுகளைக் கண்டது. 2019 டிசம்பர் 2 அன்று விடியுமுன், மேட்டுப்பாளையம் நடூரில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து, அதை ஒட்டியிருந்த ஓட்டு வீடுகளின் மீது விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த அருந்ததியர் மக்கள் 17 பேர் உயிரிழந்தனர். 2020 மே 13 அன்று, கொரோனா ஊரடங்கு நடப்பிலிருந்தபோது, சென்னைத் தலைமைச் செயலகத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் செய்தியாளர்களிடம் ஒடுக்கப்பட்ட மக்களை இழிவுபடுத்தும் ஒப்புமை ஒன்றைச் சொன்னார்.

முதல் நிகழ்வில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிய வேண்டும் என்று மக்கள் மருத்துவமனை வாயிலில் நின்று போராடினர். தடியடி வாங்கினர். சிறை சென்றனர். இரண்டாம் நிகழ்வில், சென்னையில் பேசப்பட்ட சொல்லுக்காகக் கோவை வெரைட்டி ஹால் சாலைக் காவல் நிலையத்தில் சில நாட்களிலேயே அதே சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சாதிப் பேச்சைக் கண்டிப்பது தேவையா என்பது நம் கேள்வியன்று. தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. பேரிடர்க் காலத்தில் எழும் கண்டனம் யாருக்குப் பயன்படுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதே நம் கேள்வி.

மே 13: என்ன நடந்தது?

ஊரடங்கில் வேலையும் உணவும் இழந்த மக்களிடமிருந்து ‘ஒன்றிணைவோம் வா’ என்னும் திட்டத்தின் வழியாகத் தி.மு.க. மனுக்களைப் பெற்றது. அவற்றுள் ஏறத்தாழ ஒரு லட்சம் மனுக்களை அன்றைய தலைமைச் செயலாளர் க. சண்முகத்திடம் அளிப்பதற்காக டி.ஆர். பாலு, தயாநிதி மாறன் உள்ளிட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள் சென்றனர். தம்மைத் தலைமைச் செயலாளர் மதிக்கவில்லை என்று வெளியே வந்து அவர்கள் குற்றம் சாட்டினர். அதைத் தலைமைச் செயலாளர் அறிக்கை வெளியிட்டு மறுத்தார். குற்றச்சாட்டை விவரிக்கையில் தயாநிதி மாறன், தாங்கள் மூன்றாம் தர மக்களா, தாழ்த்தப்பட்டவர்களா என்னும் பொருள்படக் கேட்டார். அந்தக் கேள்வியே சர்ச்சையாயிற்று.

இப்பேச்சுக்கு ஒரு தற்காப்பு உண்டு. அதை நேர்மையாக எடுத்துக்கொள்வோம். ஒடுக்கப்பட்டோர் இந்நாட்டின் அலுவலகங்களில் அவமதிக்கப்படுகிறார்கள் என்பது உண்மைதானே, அந்த உண்மையைத்தானே அவர் சொன்னார் என்று சிலர் வாதிட்டனர். ஆனால் ஒரு கேள்வியின் பொருள் அது எதிர்பார்க்கும் விடையில் இருக்கிறது. “எந்த மனிதரையும் இப்படி நடத்தலாமா?” என்று கேட்டிருந்தால் அவமதிப்பு எதிர்க்கப்படுகிறது. “எங்களை அவர்களைப் போல நடத்தலாமா?” என்று கேட்கும்போது, அவமதிப்பு அவர்களுக்கு உரியது என ஒப்புக்கொள்ளப்பட்டு, தனக்கு மட்டும் விலக்குக் கோரப்படுகிறது. முன்னது சமத்துவக் கோரிக்கை. பின்னது சாதி வரிசையில் தன் இடத்தை நினைவூட்டுதல். பேசியவரின் உள்நோக்கம் என்ன என்று ஆராயாமலேயே இவ்வேறுபாட்டை நாம் காண முடியும். திட்டமிட்டுப் பேசப்படும் வசையைக் காட்டிலும், சினத்தில் நாக்கில் தானாக வந்து விழும் ஒப்புமை சமூகத்தின் பொதுப்புத்தியைத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது.

மூவகை எதிர்வினை

அப்பேச்சுக்கு எழுந்த எதிர்வினையை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒடுக்கப்பட்ட மக்களின் அரசியலுக்குள்ளிருந்து வந்த கண்டனம். விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தலைவர் தொல். திருமாவளவன், தி.மு.க.வின் கூட்டணியில் இருந்துகொண்டே அப்பேச்சு அதிர்ச்சியளிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். தயாநிதி மாறனும் அதன்பின் வருத்தம் தெரிவித்தார். தோழமைக் கட்சியைச் சுட்டிக்காட்டுவது எளிதன்று. தேர்தல் கணக்குகள் வாயைக் கட்டும் இடத்தில் வந்த கண்டனம் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இரண்டாவது, கட்சிப் பகையிலிருந்து வந்த கண்டனம். அன்றைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தி.மு.க.வைத் தாக்குவதற்கு இப்பேச்சைக் கையிலெடுத்தன. அவர்களின் கண்டனத்தில் சொல்லப்பட்ட செய்தி தவறில்லை. ஆனால் அதே ஆட்சியின் கீழ் நடூரில் 17 பேர் இறந்தபோது அதே சட்டத்தைப் பற்றி அந்த வேகம் காணப்படவில்லை.

மூன்றாவது, காவல்துறையின் நடவடிக்கை. கோவையில் அளிக்கப்பட்ட புகாரின்மீது தயாநிதி மாறன், டி.ஆர். பாலு ஆகியோர் பெயரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிவாயிற்று. அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்னும் இடைக்காலப் பாதுகாப்பைப் பெற்றனர். அதே மே மாதம் 23 அன்று தி.மு.க.வின் அமைப்புச் செயலாளர் ஆர்.எஸ். பாரதி, பிப்ரவரியில் பேசிய பேச்சுக்காக அதே சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டு, அன்றே இடைக்காலப் பிணையில் வந்தார். ஒடுக்கப்பட்டோர் நீதிபதிகளானது திராவிட இயக்கம் போட்ட பிச்சை என்னும் பொருளில் அமைந்த அப்பேச்சு கண்டிக்கத்தக்கதே. ஆனால் பிப்ரவரியில் பேசப்பட்டதற்கு மே மாதத்தில், பெருந்தொற்றின் நடுவே, விடியற்காலையில் கைது நடந்தது ஏன் என்ற கேள்வியும் எழுந்தது. தாம் அளித்த ஊழல் புகார்களுக்குப் பழிவாங்கலே இது என்றார் அவர்.

இவற்றுக்கிடையில் அந்த ஒரு லட்சம் மனுக்கள் விவாதத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. அரிசி கேட்டவர், மருந்து கேட்டவர், ஊர் திரும்ப வழி கேட்டவர் ஆகியோரின் குரலைவிட, அம்மனுக்களைக் கொண்டுசென்றவரின் மானமும் அவர் உதிர்த்த சொல்லும் பெரிய செய்திகளாயின. கணபதியிலும் சத்தி சாலையிலும் பவுண்டரிகளும் பட்டறைகளும் பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. கோவையின் தெருக்களைப் பெருக்கும் பணி மட்டும் நிற்கவில்லை. அப்பணியில் பெரும்பாலோர் அருந்ததியர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். ஊர் அவர்களுக்கு மாலை போட்டுக் கைதட்டியது. அதே ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் 2022 அக்டோபரில் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டவரை எப்படி நடத்துவது வழக்கம் என்பதற்கு நாடாளுமன்ற உறுப்பினரின் வாய்ச்சொல்லைவிட உறுதியான சான்று இது.

நடூர்: மழையா, சுவரா?

மே மாதச் சர்ச்சையில் சட்டம் எவ்வளவு விரைந்தது என்பதைப் புரிந்துகொள்ள, டிசம்பருக்குத் திரும்ப வேண்டும்.

நடூர்க் குடியிருப்பை ஒட்டி, வசதி படைத்த ஒருவரின் வீட்டைச் சுற்றி எழுப்பப்பட்டிருந்தது அந்தக் கருங்கல் சுவர். அது ஆபத்தானது என்று முன்பே முறையிட்டதாகக் குடியிருப்பு மக்கள் கூறினர். தங்களைப் பார்வையிலிருந்து மறைக்க எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவர் அது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. கனமழையில் சுவர் இடிந்தது என்பது அதிகாரத்தின் சொல்லாடலாக இருந்தது. மழை பெய்தது உண்மை. ஆனால் அதே மழை சுவரின் மறுபுறத்திலும் பெய்தது. அங்கே எவரும் சாகவில்லை.

முதலில் பதிவான வழக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில், அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற குற்றத்தில் அமைந்தது. உரிமையாளரைக் கைது செய்ய வேண்டும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்று கோரி, உடல்களை வாங்க மறுத்து மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனை முன் மக்கள் போராடினர். காவல்துறை தடியடி நடத்தியது. தமிழ்ப்புலிகள் கட்சித் தலைவர் நாகை திருவள்ளுவன் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். சுவரின் உரிமையாளர் அதற்கு மறுநாள்தான் கைது செய்யப்பட்டார். இறந்தவருக்காகப் போராடியோர் முதலிலும், சுவருக்கு உரியவர் பின்னரும் கைதானார்கள் என்னும் வரிசை முறையைக் கொங்கு மண்ணின் ஒடுக்கப்பட்ட மக்கள் மறக்கவில்லை.

டிசம்பர் 3 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி நடூருக்கு வந்தார். முதலில் அறிவிக்கப்பட்ட 4 லட்சம் ரூபாய் நிவாரணம் 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. அரசு வேலையும் வீடும் வாக்களிக்கப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலினும் வந்து அரசைக் குறை கூறினார். அம்மாத இறுதியில், நீதி கிடைக்காத நிலையில் இஸ்லாத்தைத் தழுவப்போவதாகத் தமிழ்ப்புலிகள் கட்சி அறிவித்தது. அந்த அறிவிப்பு நாடெங்கும் செய்தியானது. பலர் அதன் பின்னரே நடூரின் பெயரைக் கேட்டனர்.

பிரிவு எண் தீர்மானிக்கும் நீதி

எந்தப் பிரிவில் வழக்குப் பதிவானால் என்ன, வழக்குதானே என்று மாணவர்கள் சிலர் கேட்கக்கூடும். அங்கேதான் நுட்பம் இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் 3(2)-ஆவது பிரிவின் ஐந்தாம் உட்கூறு, பட்டியல் சாதியினர் என்று அறிந்தே ஒருவருக்கு எதிராகச் செய்யப்படும், பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை விதிக்கிறது. 304-ஏ பிரிவின் உச்சத் தண்டனையோ இரண்டே ஆண்டுகள். ஆகவே, ‘கவனக்குறைவு’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் கணத்திலேயே அந்த உட்கூற்றின் கதவு சாத்தப்படுகிறது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்னும் 304-ஆவது பிரிவு எழுதப்பட்டால், அக்கதவைத் தட்டிப் பார்க்கவாவது இடமுண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 106(1)-ஆம் பிரிவாகியுள்ளது. அதன் உச்சத் தண்டனை ஐந்து ஆண்டுகள். கதவு இன்னும் சாத்தியேதான் இருக்கிறது.

தீருதவியிலும் இதே வேறுபாடு உண்டு. பேரிடர் நிவாரணம் அரசு அறிவித்துத் தரும் தொகை. முதலமைச்சர் உயர்த்தினால் உயரும். நன்றி சொல்லிப் பெற்றுக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 12(4)-ஆம் விதிப்படி கிடைப்பது உரிமை. 2016-இல் திருத்தப்பட்ட அட்டவணை, கொலையுண்டவர் குடும்பத்துக்கு 8.25 லட்சம் ரூபாயுடன் மாத ஓய்வூதியம், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, வீடு, பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரையிலான கல்விச் செலவு ஆகியவற்றை வரையறுக்கிறது. ஒரு மரணம் ‘மழைச் சாவு’ என்று பெயரிடப்படும்போது, தொகை மட்டுமன்று, அதைப் பெறுவோரின் தகுநிலையே மாறிவிடுகிறது. உரிமை கேட்பவர் உதவி கேட்பவராகிறார்.

பேச்சுக்கு எதிரான பிரிவுகளையும் பார்ப்போம். 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவை பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் பட்டியல் சாதியினர் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதையும் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதையும் குற்றமாக்குகின்றன. 3(1)(யு) பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பகைமை, வெறுப்பு, தீயெண்ணம் ஆகியவற்றை வளர்க்கும் பேச்சைக் குற்றமாக்குகிறது. எவரையும் பெயர் சுட்டாமல், தன்னையே ஒப்பிட்டுக் கேட்ட கேள்வியை இவற்றுள் அடக்குவது எளிய காரியமன்று. அறத்தளவில் பிழையான எல்லாமே சட்டத்தளவில் நிறுவத்தக்க குற்றமாவதில்லை. இதை அறிந்துதான் நாம் கேட்கிறோம்: நிறுவக் கடினமான இடத்துக்கு விரைந்து வந்த சட்டம், 17 பிணங்கள் கிடந்த இடத்தில் ஏன் தயங்கி நின்றது?

நியூ ஆர்லியன்ஸ் தரும் பாடம்

சொல்லின் மீது சினம் கொண்டு செயலைத் தவறவிடும் இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. அந்நகர மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். வண்டி வாகனம் இல்லாத ஏழைகள் வெளியேற வழியின்றிச் சிக்கினர். அந்நாட்களில் லூசியானாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ரிச்சர்ட் பேக்கர், நகரின் பொதுக் குடியிருப்புகளை நம்மால் அகற்ற இயலவில்லை, கடவுள் அகற்றிவிட்டார் என்னும் பொருளில் பேசியதாகச் செய்தி வெளியாயிற்று. அக்குடியிருப்புகளில் வாழ்ந்தோர் ஏறக்குறைய முழுவதும் கறுப்பின ஏழைகள். பெரும் கண்டனம் எழுந்தது. தன் சொற்கள் திரித்துப் புரிந்துகொள்ளப்பட்டதாக அவர் விளக்கம் தந்தார்.

அச்சொல் மறக்கப்பட்டது. ஆனால் அச்சொல் சுட்டிய செயல் மறக்கப்படவில்லை. 2007 டிசம்பர் 20 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகர மன்றம், நான்கு பெரிய பொதுக் குடியிருப்புகளிலிருந்த ஏறத்தாழ 4,500 வீடுகளை இடிக்க ஒருமனதாக ஒப்புதல் அளித்தது. மன்றத்துக்கு வெளியே எதிர்த்து நின்ற மக்கள் மீது காவல்துறை மிளகுப் பொடித் திரவத்தைத் தெளித்தது. அரசியல்வாதியின் வாய் தவறி வந்தது என்று நாம் எண்ணும் சொல், சில வேளைகளில் அடுத்து வரவிருக்கும் கொள்கையின் முன்னறிவிப்பு. சொல்லைக் கண்டித்தவர்கள் அக்கொள்கையையும் அதே கூர்மையோடு தொடர்ந்திருக்க வேண்டும்.

நம் கரையிலும் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் தலித் மக்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதும், நிவாரணப் பட்டியலில் விடுபட்டதும் பதிவாகியுள்ளன. படகும் வலையும் இழந்தவருக்குக் கணக்கு இருந்தது. மீன் சுமந்தும் உப்பளத்திலும் வயலிலும் கூலி வேலை செய்தும் பிழைத்தவர் இழந்த கூலிக்குக் கணக்கு இல்லை. அங்கே எந்தத் தலைவரும் இழிசொல் பேச வேண்டிய தேவையே எழவில்லை. பட்டியலே பேசிவிட்டது.

களத்தில் செய்யத்தக்கவை

அடுத்த பேரிடரும் வரும். அடுத்த பேச்சும் வரும். செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் அப்போது கையில் வைத்திருக்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. பேச்சை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டிய காணொளியை மட்டும் நம்பிப் புகார் அளித்தால், முன்பின் சொற்களைக் காட்டி எதிர்த்தரப்பு எளிதில் தப்பிவிடும்.

2. உயிரிழப்பு நேர்ந்த இடத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலை முதல் நாளே பெறுங்கள். எந்தப் பிரிவு எழுதப்பட்டுள்ளது, ஏன் என்று கேளுங்கள். முன்பே அளிக்கப்பட்ட மனுக்கள், ஒப்புகைச் சீட்டுகள், நிழற்படங்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். ஆபத்தை அறிந்திருந்தும் அகற்றாமை என்பதை நிறுவ அவைதாம் உதவும்.

3. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் புலனாய்வு செய்ய வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். கடமையில் தவறும் அரசு ஊழியர் மீது நான்காம் பிரிவு பாயும். பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் ஆகியோரின் உரிமைகளை 15-ஏ பிரிவு விரித்துரைக்கிறது.

4. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். இவை கூடினவா, என்ன விவாதித்தன என்று தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள்.

5. கண்டனம் தெரிவிக்கும் ஒவ்வொரு கட்சியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “உங்கள் கட்சிக்காரர் இதைச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” விடை கிடைக்காத இடத்தில், அக்கண்டனத்தின் எடை நமக்குத் தெரிந்துவிடும்.

இழிசொல்லைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் எவரிடமும் சொல்லவில்லை. சொல் சிறியதன்று, சுவர் எழுவதற்கு முன் அதற்கான இசைவு சொல்லில்தான் உருவாகிறது. இன்னாரை அப்படி நடத்தலாம் என்னும் எண்ணம் ஒரு நாவில் ஒப்புமையாகவும், ஒரு வீட்டின் எல்லையில் 20 அடிக் கருங்கல்லாகவும் வெளிப்படுகிறது. ஆனால் சொல்லுக்கு வருத்தம் தெரிவித்தால் செய்தி முடிந்துவிடுகிறது. சுவருக்கு அவ்வாறு முடிவதில்லை. அதற்குப் பிரிவு எண் வேண்டும், குற்றப்பத்திரிகை வேண்டும், சாட்சி வேண்டும், ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்கும் கால்கள் வேண்டும். கேமராக்கள் போன பின்னும் அந்தக் கால்களோடு நடப்பவர்கள் எத்தனை பேர் என்பதைக் கொண்டே நம் எதிர்வினையை அளக்க வேண்டும்.